சிக்கிள் செல் உள்ளவங்களுக்கு கிரியாட்டினின் நார்மல்ண்ணா கிட்னி நல்லாருக்குண்ணு அர்த்தமா?

நாகர்கோவில்ல வடசேரி பக்கம் சின்னதா ஒரு லேப் நடத்துறேன், அதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் சவுதியில கிழக்கு மாகாணத்துல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேல. ரெண்டு எடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மெஷின், ஒரே கெமிக்கல்தான், ஆனா அங்க ஒரு நம்பரப் பாத்து டாக்டர் புருவத்தச் சுருக்குவாரு, இங்க அதே நம்பரப் பாத்து "ஒண்ணுமில்ல, போலாம்"ண்ணு அனுப்பிருவாங்க. அந்த நம்பர் கிரியாட்டினின், கிட்னி எப்படி வேல பாக்குதுண்ணு காட்டுற ரத்த டெஸ்ட். யாரயும் குத்தம் சொல்ல இத எழுதல, இங்க சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய் உள்ள பேஷண்ட் வர்றதே அபூர்வம், பாக்காத நோயப் பத்தி யாருக்கு என்ன ஞாபகம் இருக்கப் போவுது.

ஏப்ரல் மாசம் ஆரல்வாய்மொழி பக்கம் செங்கல் சூளையில வேல பாக்குற ஒரு பையன கூட்டிட்டு வந்தாங்க. 22 வயசு, ஒடிசாவுல பலாங்கீர் பக்கம் ஊரு. அவங்க ஊர்ல டெஸ்ட் பண்ணி குடுத்த சிக்கிள் செல் கார்டு பர்ஸுல மடிச்சு வச்சிருந்தான். கூட வந்த சூப்பர்வைசர் அண்ணாச்சிக்கு அந்த கார்டு என்னதுண்ணே தெரியாது, அவருக்கு கவலை வேற. "தம்பி நைட்டு நாலஞ்சு வாட்டி எந்திரிச்சு ஒண்ணுக்கு போறான், பகல்ல வெள்ளம் குடிச்சிட்டே இருக்கான், சுகரா இருக்குமோ, எள்ளுபோல பாத்துச் சொல்லுங்க"ண்ணாரு. பாத்தோம். சுகர் இல்ல. கிரியாட்டினின் 0.8. ஒண்ணுக்குல ஸ்ட்ரிப் முக்கிப் பாத்தா புரதம் நில். "அப்போ எல்லாம் நார்மல்தானே?"ண்ணு அண்ணாச்சி பைசா குடுத்துட்டு கெளம்பப் பாத்தாரு. நான்தான் உக்காருங்கண்ணேன்.

ஏன் உக்கார வச்சேண்ணு சொல்லணும்ண்ணா கொஞ்சம் பின்னாடி போவணும். சிக்கிள்ண்ணா அரிவாள், அதுவும் நம்ம நாஞ்சில்நாட்டுல கன்னிப்பூ கும்பப்பூ கதிர் அறுக்குற கருக்கரிவா மாதிரி வளைஞ்சது. நல்ல ரத்த சிவப்பணு நடுவுல குழிஞ்ச வட்டமா, வளைஞ்சு நெளிஞ்சு எந்த சின்ன குழாயிலயும் புகுந்து போற மாதிரி இருக்கும். சிக்கிள் செல் உள்ளவங்களுக்கு ஹீமோகுளோபின்ல ஒரே ஒரு எழுத்து பிழை, பீட்டா சங்கிலியில ஆறாவது எடத்துல குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய எடத்துல வேலின் வந்து உக்காந்திருக்கும், அவ்ளோதான். இந்த ஹீமோகுளோபின் எஸ் ஆக்சிஜன் கையில இருக்குற வரைக்கும் சமத்தா இருக்கும், ஆக்சிஜன எறக்கி வச்ச உடனே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீள கம்பி மாதிரி கோத்துக்கும், செல்லு வெறச்சு அரிவாளா வளைஞ்சிரும்.

குலசேகரம், அருமனை பக்கம் உள்ளவங்களுக்கு இத ரப்பர் பால வச்சு சொன்னா சட்டுண்ணு புரியும். வெட்டி எடுத்த பாலு தண்ணியா ஓடும், தட்டுல ஊத்தி ஆசிட் விட்டா கொஞ்ச நேரத்துல கட்டியாயிரும், அப்புறம் அத உருளையில விட்டு ஷீட் அடிக்கலாமே தவிர திரும்ப பாலாக்க முடியாது. சிக்கிள் செல் அந்தளவுக்கு மோசமில்ல, ஆக்சிஜன் திரும்ப கெடைச்சா மொதல்ல எல்லாம் பழைய வடிவத்துக்கு வரும், பல வாட்டி வளைஞ்சு நிமுந்து வளைஞ்சு நிமுந்து கடைசில நிமுராமலே நின்னுரும். ஆனா ஆசிட் பட்டா சீக்கிரம் உறையுதுங்கிற விஷயம் ரெண்டுக்கும் பொது. ஆக்சிஜன் கொறைவா இருக்கணும், அமிலம் கூடுதலா இருக்கணும், உப்பு கூடி செல்லுக்குள்ள உள்ள தண்ணி வெளிய போவணும், இந்த மூணும் இருந்தா ஹீமோகுளோபின் எஸ் கம்பியாவுறதுக்கு அத விட தோதான எடம் வேற கெடையாது.

இப்போ ஒடம்புல இந்த மூணும் சேந்து எங்க இருக்குண்ணு தேடுனா நேரா கிட்னியோட உள்பக்கத்துல கொண்டு போய் விடும். ஒரு ஆச்சரியம் என்னண்ணா இதயம் தள்ளுற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குத்தான் போவுது, ஆனா அதுல பெரும்பகுதி வெளிப்பக்கத்தோட திரும்பிரும், உள்ள இருக்குற மெடுல்லாவுக்கு கொஞ்சமாத்தான் அதுவும் பைய பைய எறங்கும். அங்கதான் ஒண்ணுக்க கெட்டியாக்குற வேல நடக்குது, அதுக்காகவே உப்ப அங்க குவிச்சு வச்சிருக்கும், ஆக்சிஜன் கொறைச்சல், அமிலமும் கூடுதல். ஒவ்வொரு வாட்டி ரத்தம் அந்த மெல்லிசு குழாய்கள் வழியா எறங்கி ஏறும்போதும் கொஞ்சம் செல்லு வளையும், கொஞ்சம் அடைக்கும், அந்த குழாய் ஒவ்வொண்ணா காய்ஞ்சு போவும். வலி தெரியாது. சிக்கிள் செல்லுண்ணா கை கால் முதுகு வலிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், எலும்புல அடைச்சா அலறுவாங்க, கிட்னிக்குள்ள இதே அடைப்பு வருஷக்கணக்கா சத்தமே இல்லாம நடந்துட்டிருக்கும்.

மொத விளைவு ஒண்ணுக்கு கெட்டியாக முடியாம போறது. நல்ல கிட்னி தண்ணி கெடைக்காத நேரத்துல ஒண்ணுக்க 1200 மில்லிஆஸ்மோல் (ஒண்ணுக்கோட கெட்டித்தன்மைய அளக்குற அலகு) வரைக்கும் சுண்ட வைக்கும், சிக்கிள் செல் நோய் உள்ள பெரியவங்களுக்கு 400, 450லயே நின்னுரும். அதான் நைட்டெல்லாம் எந்திரிச்சு போறது, அதான் தாகம். இது சின்ன வயசுலயே ஆரம்பிக்கும். பத்து வயசு தாண்டியும் பாய நனைக்குற பிள்ளைய வீட்டுல அடிக்குறதும் கேலி பண்ணுறதும் உண்டு, அந்த பிள்ளைக்கு சிக்கிள் செல் இருந்தா அது சோம்பேறித்தனம் இல்ல, கிட்னி தண்ணிய பிடிச்சு வைக்க முடியாம விடுது. இதுல இன்னொரு சுத்து இருக்கு. வெயில்ல நமக்கெல்லாம் ஒண்ணுக்கு மஞ்சளா கொஞ்சமா போவும், ஒடம்பு தண்ணிய மிச்சம் பிடிக்கும், இவங்களுக்கு அந்த மிச்சம் பிடிக்குற வித்தை கெடையாது, சூளை பக்கத்துல நின்னு வேர்த்து வடியும்போதும் ஒண்ணுக்கு தண்ணியாவே போவும், ஒடம்பு காஞ்சு ரத்தம் கெட்டியாயி அடுத்த வலி வந்து தள்ளும். செங்கல் சூளைங்கிறது இந்த நோய்க்கு எவ்ளோ பொருத்தமில்லாத வேலைண்ணு யோசிச்சுப் பாருங்க.

இப்போ கிரியாட்டினினுக்கு வருவோம், இதுதான் முக்கியம். கிரியாட்டினின்ங்கிறது தசையில இருந்து வர்ற கழிவு, கிட்னி அத வடிகட்டி வெளிய விடும், வடிகட்டுறது கொறைஞ்சா ரத்தத்துல தேங்கும், அதனால நம்பர் ஏறுனா கிட்னி கெட்டுப்போச்சுண்ணு அர்த்தம். சாதாரண ஆளுக்கு இந்த கணக்கு சரி. சிக்கிள் செல்லுல மூணு எடத்துல இது நம்மள ஏமாத்தும். ஒண்ணு, ரத்தசோகை இருக்குறதால இதயம் கூடுதலா ரத்தம் தள்ளும், கிட்னிக்கும் கூடுதலா போவும், சின்ன வயசுல வடிகட்டி ஓவர்டைம் வேல பாக்கும், நமக்கு நிமிஷத்துக்கு நூறு சொச்சம் மில்லிண்ணா இவங்களுக்கு நூத்தம்பது பக்கம் போறது சகஜம். கேக்க நல்லாதான் இருக்கும், ஆனா அதிக அழுத்தத்துல ஓடுற வடிகட்டி சீக்கிரம் ஓட்டையாவும். ரெண்டாவது, ஒல்லியான ஒடம்பு, தசை கொறைவு, கிரியாட்டினின் உற்பத்தியே கம்மி. மூணாவது, வடிகட்டியில தப்புனத கூட கிட்னியோட குழாய்கள் பிடிச்சு வெளிய தள்ளும், இவங்களுக்கு அந்த தள்ளல் வழக்கத்த விட கூடுதல்.

மூணும் சேந்தா என்ன ஆவும், இவங்கள்ல பலருக்கு உண்மையான நார்மல் 0.4, 0.5ண்ணு கூட இருக்கலாம். ரிப்போர்ட்ல பக்கத்துல அச்சடிச்சிருக்குற 0.6ல இருந்து 1.2ங்கிற அளவு இவங்களுக்கு தச்ச சட்டை இல்ல. கிரியாட்டினின் ரெண்டு மடங்கானா வடிகட்டுறது தோராயமா பாதியாச்சுண்ணு கணக்கு, 0.4ல இருந்தவனுக்கு 0.8 வந்தா பாதி கிட்னி வேல போயிருக்கலாம், ஆனா ரிப்போர்ட்ல நட்சத்திரக் குறி விழாது, தடிச்ச எழுத்துல வராது, மெஷின் பாட்டுக்கு பச்சை காட்டும். அந்த பையனோட பழைய ரிப்போர்ட் ஒண்ணும் கையில இல்ல, அதனால அவனுக்கு 0.8ங்கிறது ஏறி வந்ததா எப்பவும் உள்ளதாண்ணு என்னால சொல்ல முடியல. அதனாலதான் சிக்கிள் செல் உள்ளவங்க பழைய ரிப்போர்ட்ட தூக்கிப் போடாதீங்கண்ணு சொல்லிட்டே இருக்கேன், ஒரு நம்பர விட நாலு வருஷ நம்பர் வரிசை நூறு மடங்கு பேசும். கிரியாட்டினின வச்சு ஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டுற வேகம், போடுற ஃபார்முலாவும் இதே காரணத்தால இவங்களுக்கு கூட்டித்தான் காட்டும். சிஸ்டாட்டின் சி ண்ணு இன்னொரு டெஸ்ட் இருக்கு, தசைய நம்பி இல்லாததால இவங்களுக்கு நல்லது, ஆனா எல்லா எடத்துலயும் கெடைக்காது, காசும் கூட.

அப்போ ஆரம்பத்துலயே எதுல தெரியும்? ஒண்ணுக்குல. ஓட்டையாவ ஆரம்பிச்ச வடிகட்டி வழியா மொதல்ல தப்பி வர்றது அல்புமின்ங்கிற புரதம், கிரியாட்டினின் ஏறுறதுக்கு வருஷக்கணக்குக்கு முன்னாடியே. சரி, நீங்க ஸ்ட்ரிப் முக்கிப் பாத்தீங்களே, நில்ண்ணுதானே வந்துச்சுண்ணு கேப்பீங்க. இங்கதான் ரெண்டாவது ஏமாத்து. ஸ்ட்ரிப் பாக்குறது ஒண்ணுக்குல புரதம் எவ்ளோ அடர்த்தியா இருக்குண்ணு, ஒரு டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம் இருந்தாத்தான் ஒரு ப்ளஸ் காட்டும். நான் மேல சொன்னேன்ல, இவங்க ஒண்ணுக்கு தண்ணியா இருக்கும்ண்ணு. சாம்பார்ல ரெண்டு செம்பு தண்ணி கூட ஊத்திட்டு உப்பு இருக்காண்ணு நாக்குல வச்சுப் பாக்குற கதைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஒருத்தர் ஒண்ணுக்குல டெசிலிட்டருக்கு அல்புமின் 8 மில்லிகிராம், கிரியாட்டினின் 40 மில்லிகிராம்ண்ணு வச்சுக்குவோம். 8ங்கிறது ஸ்ட்ரிப்புக்கு கண்ணுலயே படாது, நில்ண்ணு வரும். ஆனா 8ஐ 40ஆல வகுத்தா ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 200 மில்லிகிராம் அல்புமின். 30க்கு கீழ இருந்தா நார்மல், 30ல இருந்து 300 வரைக்கும் கசிவு ஆரம்பிச்சாச்சு, 300க்கு மேல கடுமை. இவர் 200ல நிக்குறாரு, கையில நில்ண்ணு ரிப்போர்ட். தண்ணி கூடுனா அல்புமினும் கிரியாட்டினினும் சேந்தே நீர்த்துப் போவும், வகுத்தா தண்ணிக் கணக்கு அடிபட்டுப் போயிரும், அதான் இந்த விகிதத்தோட சூட்சுமம். லேப்ல கேக்கும்போது ஏசிஆர்ண்ணு கேளுங்க, அல்புமின் கிரியாட்டினின் விகிதம். சில எடத்துல மைக்ரோஅல்புமின்ண்ணு எழுதி அல்புமின் நம்பர் மட்டும் குடுப்பாங்க, அது போதாது, விகிதம் போட்டுத் தரச் சொல்லணும். சுகர் பேஷண்டுக்கு பண்ணுற அதே டெஸ்ட்தான், புதுசா மெஷின் ஒண்ணும் வேண்டாம், கேக்கணும், அவ்ளோதான்.

சுகர்ண்ணதும் ஒரு எடைச்செருகல். அந்த பையனுக்கு சுகர் பாக்க மூணு மாச சராசரி காட்டுற எச்பிஏ1சி போட்டிருந்தா அதுவும் தப்பாத்தான் வந்திருக்கும். சிவப்பணு 120 நாள் உயிரோட இருக்கும்ங்கிற நம்பிக்கையில பண்ணுற டெஸ்ட் அது, சிக்கிள் செல்லு ரெண்டு மூணு வாரத்துக்கு மேல தாங்குறது கஷ்டம். வெறும் வயித்து சுகர், சாப்பிட்ட பொறவு சுகர் பாத்தாப் போதும்.

சேம்பிள் விஷயத்துலயும் கவனம் வேணும். காலையில எந்திரிச்ச உடனே போற மொத ஒண்ணுக்குதான் வேணும், ஏன்னா சில இளவட்ட பிள்ளைகளுக்கு பகல்ல நின்னு நடந்தாலே கொஞ்சம் புரதம் எறங்கும், படுத்திருந்தா நின்னுரும், அத நோயிண்ணு நெனைச்சு பயந்துரக் கூடாது. காய்ச்சல் நேரம், வலி வந்து படுத்திருக்குற நேரம், ஒண்ணுக்குல எரிச்சல் இருக்குற நேரம், பெண்களுக்கு மாசவிடாய் நேரம், முந்தின நாள் கடுமையா வேல பாத்த நேரம், இதெல்லாம் பொய்யா ஏத்திக் காட்டும். ஒரு வாட்டி 30 தாண்டிருச்சுண்ணா முடிவு கட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம், மூணு மாசத்துல ரெண்டு மூணு வாட்டி பாத்து அதுல ரெண்டு கூடுதலா வந்தாத்தான் உறுதி. எந்த வயசுல இருந்துண்ணா, அமெரிக்காவோட தேசிய இதய நுரையீரல் ரத்த நிறுவனம் 2014ல போட்ட வழிகாட்டுதல்ல 10 வயசுல இருந்து வருஷா வருஷம்ண்ணு சொல்லியிருக்கு.

கண்டுபிடிச்சு என்ன பண்ண, கிட்னி போறது போறதுதானேண்ணு அண்ணாச்சியே கேட்டாரு. அப்படி இல்ல. 1992ல ஒரு ஆராய்ச்சியில புரதம் போற சிக்கிள் செல் பேஷண்ட் 10 பேருக்கு ரெண்டு வாரம் எனாலாப்ரில் குடுத்துப் பாத்தாங்க, நம்ம ஊர்ல பிபிக்கு குடுக்குற பழைய மாத்திரைதான், ஒண்ணுக்குல போற புரதம் சராசரியா பாதிக்கும் மேல கொறைஞ்சது, நிறுத்துனதும் திரும்ப ஏறிச்சு. வடிகட்டிக்குள்ள இருக்குற அழுத்தத்த அது எறக்குது. 2019ல அமெரிக்க ரத்தவியல் சங்கமும் அல்புமின் போறவங்களுக்கு அந்த வகை மாத்திரையோ லோசார்டன் வகையோ குடுக்கலாம்ண்ணு வழிகாட்டுதல்ல சொல்லிருச்சு. ஆனா இத மெடிக்கல்ல வாங்கித் தானா போடுற சோலி வேண்டாம், பொட்டாசியம் ஏறும், ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல ரத்தம் பாக்கணும், கர்ப்பம்ண்ணா தொடவே கூடாது. பிபியும் 130க்கு 80க்குள்ள நிக்கணும், இவங்களுக்கு இயல்பாவே பிபி கம்மியா இருக்கும்ங்கிறதால 135ஐ பாத்து "பரவால்ல"ண்ணு விடுறதும் கிரியாட்டினின் 0.8ஐ விடுறதும் ஒரே ரகம்.

ஹைட்ராக்சியூரியா தெரிஞ்சிருக்கும், சிக்கிள் செல்லுக்கு அடிப்படை மருந்து, குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபின் எஃப்ப திரும்ப கூட்டி செல்லு வளையாம பாத்துக்கும். கிட்னிக்கு எவ்ளோ உதவும்ங்கிறதுல நான் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவேன். கைக்குழந்தைகளுக்கு குடுத்துப் பாத்த பேபி ஹக்ங்கிற பெரிய ஆய்வுல வடிகட்டுற வேகத்துல எதிர்பாத்த வித்தியாசம் வரல, ஆனா ஒண்ணுக்க கெட்டியாக்குற திறமை அந்த பிள்ளைகளுக்கு கொஞ்சம் நல்லா நின்னுது. வலி, ரத்தம் ஏத்துறதெல்லாம் கொறையுறதுக்காகவே சாப்பிட வேண்டிய மருந்து, கிட்னி அதுல கெடைக்குற உபரி.

ஆனா எனக்கு இதுல எல்லாத்தயும் விட கோவம் வர்ற விஷயம் வலி மாத்திரை. வலி வந்தா கடையில போய் "ஒரு டைக்ளோ குடுங்க"ண்ணு வாங்கிப் போடுறது நம்ம ஊர்ல சர்வசாதாரணம், நாலு ரூபா மாத்திரைய யாரும் மருந்தாவே நெனைக்கிறதில்ல. டைக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபென் வகையெல்லாம் கிட்னிக்கு ரத்தம் கொண்டு போற குழாய திறந்து வச்சிருக்குற ஒரு பொருள தடுக்கும், ஏற்கனவே உள்ள அடைபட்டு கெடக்குற கிட்னிக்கு மெயின் வால்வயும் திருகுன மாதிரி. அந்த பையன் சூளையில வாரத்துக்கு நாலு நாள் ரெண்டு மாத்திரை வீதம் போட்டிருக்கான். அவனத் திட்டவும் முடியாது, வலியோட செங்கல் சுமக்கச் சொன்னா நானும் அததான் பண்ணிருப்பேன். பாரசிட்டமால்ல அடங்காத வலிண்ணா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்ண்ணு அவனுக்குத் தெரிஞ்ச ஹிந்தியில, எனக்கு சவுதியில வந்த ஹிந்தியில, சொல்லிப் புரிய வச்சேன்.

ஒண்ணுக்கு ரத்தமா போறதும் இந்த நோயில உண்டு, மெடுல்லாவோட நுனி செத்து உதிரும்போது வரும், வலி இல்லாம கூட வரும், அதிகமா எடது கிட்னியில. ஒரே ஒரு சிக்கிள் ஜீன் மட்டும் உள்ள கேரியர்களுக்கும் இது வரலாம், கேரியர்ண்ணா நோயாளி இல்ல, பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது, ஆனா ரத்தம் போனா கல்லுதான்ண்ணு நீங்களே முடிவு பண்ணாம ஸ்கேன் பாத்துருங்க. கேரியர்கள்ல ரொம்ப அபூர்வமா இளவயசுலயே ஒரு கிட்னி கேன்சர் வர்றதுண்டு.

இதெல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எதுக்குண்ணு கேக்கலாம், கேக்குறாங்க. 1952லயே லேமன், கட்புஷ்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி மலையில உள்ள ஆதிவாசி மக்கள்கிட்ட இத கண்டுபிடிச்சு எழுதுனாங்க, அதே வருஷம் வேற ஆராய்ச்சியாளர்கள் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்கிட்டயும் கண்டுபிடிச்சாங்க, அந்த தொழிலாளர்கள் பீகார், ஒடிசா பக்கம் இருந்து பொழைக்கப் போனவங்க. எழுபது வருஷம் கழிச்சு அதே ஒடிசாவுல இருந்து நம்ம சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஆளு வருது. 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப்பிரதேசம் சாடோல்ல ஆரம்பிச்ச சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்துல 17 மாநிலத்துல 7 கோடி பேர பரிசோதிக்கணும்ண்ணு இலக்கு, தமிழ்நாடும் அதுல உண்டு, அந்த பையன் மாதிரி கார்டோட நடமாடுறவங்க இனி கூடத்தான் செய்வாங்க. இந்த நோய் உள்ள கூடலூர், வயநாடு பக்கம் பெண் எடுத்த குடும்பங்களும் இங்க உண்டு.

இன்னொரு பக்கம் நம்ம மாவட்டத்து நர்ஸ் பிள்ளைகள். சவுதியில கத்தீஃப், அல் அஹ்ஸா, அப்புறம் பஹ்ரைன், ஓமன்ண்ணு சிக்கிள் செல் நெறைய உள்ள ஊர்கள்லதான் எத்தனையோ பேரு டூட்டி பாக்குறாங்க, ஓமன் தவிர மத்த எடங்கள்ல பெரும்பாலும் உள்ளதும் நம்ம நாட்டுல உள்ளதும் அரபு இந்திய வகைண்ணு ஒரே ஜீன் வழி. ஆப்பிரிக்க வகைய விட ஹீமோகுளோபின் எஃப் கூடுதலா இருக்கும், அதனால பொதுவா லேசுண்ணு பேரு. லேசுங்கிற அந்த பேராலயே இங்க ஒருத்தரும் கிட்னிய தேடிப் பாக்குறதில்லையோண்ணு எனக்கு ஒரு சந்தேகம்.

பையன் கதைக்கு வர்றேன். மறுநாள் காலையில வெறும் கையோட வந்தான், மொத ஒண்ணுக்க கொண்டு வரணும்ங்கிறது புரியல. அதுக்கு அடுத்த நாள் சோடா குப்பியில கொண்டு வந்தான், அதயும் திருப்பி அனுப்பி சுத்தமான டப்பா குடுத்து விட்டேன். மூணாவது நாள் கெடைச்ச சேம்பிள்ல ஏசிஆர் 164. ஸ்ட்ரிப்பு அன்னிக்கும் நில்தான். மூணு வாரம் கழிச்சு காய்ச்சல் வலி ஒண்ணும் இல்லாத நாளாப் பாத்து திரும்ப எடுத்தோம், 151. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு சீட்டு எழுதி அண்ணாச்சியோட அனுப்புனேன், அங்க பாத்து மாத்திரை எழுதிக் குடுத்துருக்காங்க. ஜூன்ல மழை பிடிச்சதும் சூளை மூடிருச்சு, எல்லாரும் ஊருக்கு கெளம்பிட்டாங்க. ரெண்டு ரிப்போர்ட்லயும் ஸ்ட்ரிப் நில், ஏசிஆர் கூடுதல், டைக்ளோ கூடாதுண்ணு செவப்பு மையில எழுதி, கிரியாட்டினின் 0.8க்கு அடியில ரெண்டு கோடு போட்டுக் குடுத்து விட்டேன். நாகர்கோவில் ஜங்ஷன்ல ரயிலுக்கு நிக்கும்போது போன் பண்ணுனான், கார்டும் ரிப்போர்ட்டும் ஒரே கவர்ல இருக்கு பாய்ண்ணான்.